அண்டை வீட்டாரின் மௌனம் அனுமதி ஆகாது



எருமப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நம் சமுதாயத்தினர் வீடுகளுக்குள் இன்று எத்தனை தொழில்கள் நடைபெறுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும். முன்னறையில் தையல் இயந்திரம். பின்கட்டில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர். மொட்டை மாடியில் மல்லியையும் மிளகாயையும் உலர்த்திப் பொடியாக்கிப் பொட்டலமிடும் வேலை. நோன்புக் காலத்தில் சமோசாவும் வடையும். பெருநாள் நெருங்கினால் புர்காத் தையல். திருமண வீடுகளுக்குப் பிரியாணி ஆர்டர். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு படமும் ஒரு கைப்பேசி எண்ணுமே கடை.

மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள் அவ்வப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், வீட்டுல செய்யிற இந்தச் சின்ன வியாபாரத்துக்கும் பர்மிஷன் வாங்கணுமா?” மார்க்கம் கற்பிப்பவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று தொடக்கத்தில் நினைத்ததுண்டு. வருவாய் ஹலாலாக இருக்க வேண்டும் என்ற அச்சம் உடையவர்கள் அவர்கள். பொருளும் அளவும் தூய்மையாக இருந்தால் போதுமா, ஊரின் ஒழுங்குக்கும் உட்பட்டிருக்க வேண்டுமா என்பதே அக்கேள்வியின் உட்பொருள். ஆண்கள் இக்கேள்வியைக் கேட்பது அரிது. அவர்களிடம் ஆயத்தமாக இரண்டு விடைகள் இருக்கின்றன. “நம்ம வீட்டுக்குள்ள நாம செய்யிறதுக்கு யாரைக் கேக்கணும்?” என்பது ஒன்று. “ஆபீசுக்குப் போனா இருக்குற பிழைப்பும் போயிடும்” என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

முதலில், “பர்மிஷன்” என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் ஒன்றன்று. ஒரு கட்டடம் எப்பயனுக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது நகர் ஊரமைப்புச் சட்டம். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன் வழி வந்த 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் ஆகும். முழுமைத் திட்டம் வரையப்பட்ட பகுதிகளில் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலம் வகைப்படுத்தப்பட்டிருக்கும். ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்குப் போக நில உபயோக மாற்றம் பெற வேண்டும். அத்தகைய திட்டம் இல்லாத ஊர்ப்புறங்களிலும் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அதே சட்டத்தின் 47-ஏ பிரிவு குறுக்கே நிற்கும். தொழில் உரிமம் என்பது இதிலிருந்து வேறானது. அதை வழங்குவது உள்ளாட்சி. எருமப்பட்டி பேரூராட்சியாகையால் இங்கு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் பொருந்தும். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் ஆண்டுவந்த இடத்தில், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. பேரூராட்சி எல்லைக்கு வெளியே, எருமப்பட்டி ஒன்றியத்தின் ஊராட்சிகளில் இருப்போருக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அதன் 159, 160 ஆகிய பிரிவுகள் முறையே உரிமத்தையும் இயந்திரம் நிறுவுவதையும் பற்றிப் பேசுகின்றன. உணவுத் தொழிலாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தனி. மின்கட்டண விகிதம் தனி. சொத்து வரி தனி. தொழில் வரி என்பது தொழில் உரிமம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, ஒன்றைச் செலுத்திவிட்டு மற்றொன்றும் முடிந்ததென நிம்மதியாக இருப்போரைக் கண்டிருக்கிறேன்.

இத்தனை வாயில்களைக் கேட்டதும் ஒரு பெண்மணிக்குத் தலை சுற்றுமே என்பீர்கள். சுற்றத்தான் செய்யும். எனினும் நம் பெண்கள் செய்யும் தொழில்களில் பலவற்றுக்கு நில உபயோக மாற்றம் என்ற பெரிய வாயிலைத் தட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. நகரமைப்பு விதிகள் குடியிருப்பு வட்டாரத்துக்குள்ளேயே அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கும், தையற்கடைகளுக்கும், அவ்வீட்டில் குடியிருப்பவரே நடத்தும் ஆலோசனை அறைகளுக்கும் இடம் தருகின்றன. குடியிருப்பு என்றால் உண்டு உறங்குவது மட்டும் என்று அவ்விதிகளை எழுதியவர்களும் கருதவில்லை. இதை அறியாத பொதுமக்களையும், அறிந்தும் சொல்லாத இடைத்தரகர்களையும் ஒருசேரக் காண்கிறோம்.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்து, இத்தா முடித்து, இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டில் தங்கியிருந்த சகோதரி ஒருவர் சிறிய அரவை இயந்திரம் ஒன்றை வாங்கி மசாலாப் பொடி அரைத்து விற்றுவந்தார். மூன்றாண்டுகள் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதில் அடுத்த வீட்டாருடன் ஒரு பிணக்கு ஏற்பட்டது. அதன் பின்னரே அவ்வீட்டாருக்கு அரவையின் ஓசை காதில் விழத் தொடங்கியது. மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. மனு போயிற்று. குடியிருப்பில் தொழில் நடத்துவதாகவும், உரிய ஒப்புதல்களைக் காட்ட வேண்டும் என்றும் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எந்த ஒப்புதல் என்று கேட்டதற்கு ஒருவர் நில உபயோக மாற்றம் என்றார். இன்னொருவர் தொழில் உரிமம் என்றார். மூன்றாமவர் அடுத்த வாரம் வரச் சொன்னார். அந்த அலைச்சலில் ஒரு பருவத்து வியாபாரம் போயிற்று. இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, இப்போது மில்லில் கூலிக்கு அரைத்து வாங்கி விற்கிறார். இலாபத்தில் பாதி அரவைக் கூலிக்கே போய்விடுகிறது.

அவருடைய மிளகாய் நெடி உண்மையில் தொல்லையாக இருந்ததா? இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றாண்டுகளில் அதை எவரும் அளக்கவில்லை. அவர் தொழில் நின்றது நெடியால் அன்று, வடிகால் தகராற்றால். அண்டை வீட்டார் பேசாதிருக்கும் வரை மட்டுமே நடக்கும் தொழில், அவர்கள் விரும்பிய நாளில் நின்றுபோகும். தேர்தலில் எவருக்கு வாக்களித்தோம், மதிற்சுவர் எங்கே எழுப்பினோம், யார் வீட்டுத் திருமணத்துக்குப் போகவில்லை என்பதெல்லாம் அந்தத் தொழிலின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஓர் ஊரில் சிறுபான்மையாக வாழ்வோர் இதை மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகவே கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீதிமன்றங்களின் போக்கையும் பாருங்கள். தில்லியில் குடியிருப்புக் கட்டடங்களில் பெருகிய கடைகளைப் பற்றி 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த கடைகள் முத்திரையிட்டு மூடப்பட்டன. அந்தக் கொந்தளிப்பின் பின்னரே 2007இல் வெளியான தில்லி முழுமைத் திட்டம் கலப்புப் பயன்பாட்டுக்கு விரிவான இடம் தந்தது. ஐந்து பணியாளர், ஐந்து கிலோவாட் மின்சாரம் என்ற வரம்புக்குள் வீட்டுத் தொழில்களையும் ஏற்றது. மீரட்டில் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட மனையில் எழுந்த கடைகளைப் பற்றிய வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அளித்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. கடைகளை இடிக்கும் உத்தரவு உறுதி செய்யப்பட்டது. அத்துடன், முறையான ஒப்புதலின்றி எழுப்பப்பட்ட எந்தக் கட்டடத்திலும், அது குடியிருப்பாயினும் வணிகக் கட்டடமாயினும், தொழில் நடத்த எந்த உள்ளாட்சியும் அனுமதி தரலாகாது என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் கட்டளையும் இடப்பட்டது. நெடுங்காலம் கடந்துவிட்டது, பணம் போட்டுவிட்டோம், அதிகாரிகள் அன்றே தடுக்கவில்லை என்ற வாதங்கள் எடுபடவில்லை.

இத்தீர்ப்பு நம்மூர்த் தையற்காரப் பெண்ணை நோக்கியதன்று; அதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆயினும் அதன் நிழல் அவர் மீதும் விழுகிறது. எவ்வாறெனில், வரைபட ஒப்புதல் இல்லாமல் மாடியில் ஓர் அறை எழுப்பி, அவ்வறையில் தொழில் தொடங்குவது நம்மிடையே மிகச் சாதாரணம். தொழில் குற்றமற்றதாக இருந்தாலும் அறை குற்றமுடையதாகிவிட்டால் உரிமம் கேட்கும் வழியே அடைபடும். எனவே தொழிலுக்கென அறை எழுப்புவோர் கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

இனி மார்க்க நூல்களின் பக்கம் வருவோம். வீட்டையும் தொழிலையும் பற்றிய இந்த வழக்கு நம் ஃபுகஹாக்களுக்குப் புதியதன்று. மதரஸா மாணவர்கள் இதைத் தொழுகை, நோன்பின் சட்டங்களைப் போல ஆர்வத்துடன் கேட்பதில்லை என்பது வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக ஒரு கையேடு எழுதினார். ரொட்டி சுடுவோரின் கடைக் கூரை உயரமாகவும், புகை வெளியேற அகன்ற வழியுடனும் இருக்க வேண்டும் என்கிறார் அவர். நெருப்பை வைத்துத் தொழில் செய்வோரை அத்தர் விற்போர், துணி விற்போர் ஆகியோரின் அருகிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றும் கூறுகிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொழில்களை அவற்றின் தன்மைக்கேற்ப இடம் பிரித்து வைக்கும் எண்ணம் இருந்திருக்கிறது.

கருத்து வேறுபாடும் இருந்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ தம் மின்ஹாஜ் நூலில் உரிமையாளரின் பக்கம் சாய்கிறார். நாற்புறமும் வீடுகள் சூழ்ந்த தன் வீட்டை ஒருவர் குளியல் கூடமாகவோ தொழுவமாகவோ மாற்றிக்கொள்ளலாம். துணிக்கடைத் தெருவில் உள்ள தன் கடையைக் கொல்லன் பட்டறை ஆக்கிக்கொள்ளலாம். முன்னெச்சரிக்கையுடன் சுவர்களை வலுப்படுத்தியிருக்க வேண்டும், அவ்வளவே. இதுவே சரியான கருத்தென அவர் முடிவு செய்கிறார். அதற்கு எதிர்ப்புறத்தில், உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா நிற்கிறது. ஹனஃபீ சட்டத்தின் அந்தத் தொகுப்பு ‘கடும் தீங்கு’ என்ற அளவுகோலை வைக்கிறது. கட்டடத்தைப் பலவீனப்படுத்துவது, அல்லது கட்டடத்தின் அடிப்படைப் பயனான குடியிருத்தலையே இயலாததாக்குவது கடும் தீங்கு; அது எவ்வாறேனும் அகற்றப்பட வேண்டும். பட்டறையின் சம்மட்டி அடியும், ஆலைச் சக்கரத்தின் அதிர்வும், குடியிருக்க விடாத அடுப்புப் புகையும் எடுத்துக்காட்டுகளாகத் தரப்படுகின்றன.

எனக்கு மஜல்லாவின் அளவுகோலே இன்றைய தெருவுக்குப் பொருத்தமாகப் படுகிறது. இமாம் நவவீயின் காலத்து வீட்டுச் சுவர்களின் கனத்தை நம் நான்கரை அங்குலச் செங்கற்சுவர் தாங்காது என்பது ஒரு காரணம். பொதுச்சுவரில் ஆணி அடித்தாலே அடுத்த வீட்டுப் பாத்திரம் ஆடும் இடத்தில் நாம் வாழ்கிறோம். முதன்மையான காரணம் வேறு. ‘உன் வீடு எந்த வண்ணத்தில் வரையப்பட்டிருக்கிறது?’ என்று இக்காலச் சட்டம் கேட்கிறது. மஜல்லா கேட்பது, ‘உன் தொழில் அடுத்தவருக்கு என்ன செய்கிறது?’ என்று. அரவை இயந்திரச் சகோதரியின் வழக்கில் இரண்டாம் கேள்வியை எவரேனும் கேட்டிருந்தால், இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு, பின்புறம் ஒரு புகைபோக்கி விசிறி, பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை மட்டும் அரவை என்று ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்திருக்கும்.

மஜல்லாவில் இன்னொரு நுட்பமும் உண்டு. முன்னரே முறையாக நடந்துவரும் ஒன்றின் அருகில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர், அதனால் தமக்குத் தொல்லை என்று கூறி அதை நிறுத்தச் சொல்ல முடியாது. தொல்லையைத் தவிர்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கோழிப் பண்ணைகளின் மாவட்டமான நாமக்கல்லில் இதை வாசிக்கும் எவருக்கும் புன்னகை வரும். பண்ணை அருகே மனை மலிவாகக் கிடைக்கிறதென வாங்கிவிட்டு, வீடு குடிபுகுந்த மறுமாதமே ஈ மொய்க்கிறது என்று மனு எழுதுவோர் நம் உறவினர்களிலேயே இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் தொழில் என்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் பிழைப்பின் ஓரமாக என்றும் இருந்ததில்லை. பத்தமடையின் நுண்கோரைப் பாய்கள் லெப்பைக் குடும்பங்களின் வீட்டுத் திண்ணைகளிலும் கூடங்களிலும் நெய்யப்பட்டவை. மேலப்பாளையத்திலும் வாணியம்பாடி, குடியாத்தம் பகுதிகளிலும் எத்தனையோ தாய்மார்கள் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. தம் சொந்த வீட்டில் தாமே தொழில் செய்வோரை அதிலிருந்து விலக்கியும் வைத்தது. அதாவது, வீட்டில் உழைப்பவர் வேறு, தொழிற்கூடம் நடத்துபவர் வேறு என்ற தெளிவு சட்டத்துக்கு அன்றே இருந்தது. உலக அளவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவேலைத் தொழிலாளர்க்கென 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்துவந்த வரலாற்றை நாம் பெண்கள் பயானில் ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, தோல் பதனிடும் வீட்டின் வாடையைப் பற்றி அண்டை வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக் கூடங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்த ஓசையோடு ஒப்பிட்டால் நம் கிரைண்டரின் சத்தம் ஒன்றுமில்லை. ஆயினும் விசைத்தறிக்கு மின்கட்டணப் பட்டியலில் தனி வகையும், இரு மாதங்களுக்கு 1000 யூனிட் இலவச மின்சாரமும் உண்டு. நெசவாளர் வீட்டில் இயங்கும் கைத்தறி வீட்டு மின்கட்டணத்திலேயே ஏற்கப்படுகிறது. மருத்துவர், தணிக்கையாளர் போன்றோர் தம் வீட்டோடு 200 சதுர அடிக்குள் வைத்திருக்கும் ஆலோசனை அறையும் அவ்வாறே. வழக்கறிஞரின் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் கூறிவிட்டது. இவையெல்லாம் நியாயமானவையே. நெசவாளர்களுக்குச் சங்கம் இருந்தது. வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் பக்கத்திலேயே இருந்தது. மாவு அரைக்கும் பெண்ணுக்கும் மெஹந்தி இடும் பெண்ணுக்கும் இரண்டும் இல்லை. அதனாலேயே அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் அதே தெளிவுடன் எழுதப்படவில்லை என்பது என் கணிப்பு.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் சிறு கடைகளுக்கும் தொழில் உரிமம் கட்டாயம் என்ற புதிய விதிகள் பற்றிய செய்தி வந்தபோது வணிகர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதம் பெரும்பாலும் கட்டணத்தைச் சுற்றியே நடந்தது. கட்டணம் முக்கியம்தான், ஒரு நாளுக்கு நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பவருக்கு ஐந்நூறும் பெரிது. ஆனால் உரிமம் என்பதே கொடுமை என்ற முடிவுக்கு நம்மவர் சிலர் தாவியதை என்னால் ஏற்க இயலவில்லை. தெளிவான உரிமம் எளியவருக்குக் காவல். தெளிவற்ற உரிமத்தால்தான் அவர் ஒவ்வொரு மேசையாக அலைய நேர்கிறது. உரிமமே இல்லாத நிலையில் அடுத்த வீட்டாரின் மனநிலைக்கு அவர் அடிமை.

அண்டை மாநிலம் இதில் ஓரடி முன்னே வைத்திருக்கிறது. கேரளத்தில் 2025இல் உள்ளாட்சி உரிம விதிகளைத் திருத்தியபோது, மாசு விளைவிக்காத வகையைச் சேர்ந்த சிறு உற்பத்தித் தொழில்களை, குடியிருக்கும் வீட்டின் பரப்பில் பாதி வரை பயன்படுத்தி உரிமத்துடன் நடத்த வழி செய்தார்கள். பாதி என்ற அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு குடும்பம் உண்டு உறங்கி வாழ்கிறது என்றால் அத்தொழிலின் புகையையும் ஓசையையும் முதலில் தாங்குபவர்கள் அவர்களே. தம் பிள்ளைகள் இருமும் அளவுக்கு எந்தத் தாயும் மிளகாய் அரைக்க மாட்டாள். தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒரு விதி, ஒரே பக்கத்தில், தமிழில், பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்: இன்னின்ன வீட்டுத் தொழில்களுக்கு நில உபயோக மாற்றம் வேண்டியதில்லை, இத்தனை பரப்பு, இத்தனை குதிரைத்திறன் மோட்டார், இத்தனை வெளியாள் வரை தடையில்லை, இந்த நேரத்துக்கு மேல் இயந்திரம் ஓட்டலாகாது.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. உணவுத் தொழில் செய்யும் சகோதரிகளில் பலர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறவில்லை. 2011ஆம் ஆண்டின் உரிம விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்போரைச் சிறு உணவுத் தொழிலர் என வகுத்து, ஆண்டுக்கு வெறும் 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு தந்தன. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பொட்டலத்தில் அந்தப் பதினான்கு இலக்க எண் இருந்தால் நாமக்கல் நகரத்துக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார். இல்லையென்றால் தெருவைத் தாண்டாது. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு 2020 ஜூலை முதல் கட்டணமே இல்லை. இதற்கு இருநூறு, முந்நூறு வாங்கிக்கொண்டு பதிந்து தரும் கணினி மையங்களைக் குறை சொல்வதைவிட, பள்ளிவாசலில் வெள்ளிதோறும் அஸருக்குப் பின் கல்லூரி செல்லும் இளைஞர் இருவரை ஒரு மடிக்கணினியுடன் அமர வைப்பது எளிது. பதிவு பெற்றால் வங்கிக் கடன் கிடைக்கும் என்ற ஆசை காட்டப்படுகிறது. வட்டி பற்றிய கேள்வி அங்கே எழும், அது தனிக் கட்டுரைக்கு உரியது. கடன் வேண்டாதவருக்கும் பதிவு பயன்படும். தாம் யார், எங்கே, என்ன தொழில் செய்கிறார் என்பதற்கு அரசே தந்த சான்று அது.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். பிரியாணி ஆர்டர் எடுக்கும் வீடுகளில் சில, வடித்த கஞ்சியையும் இறைச்சி கழுவிய நீரையும் திறந்த வாய்க்காலில் விடுகின்றன. விறகடுப்பை வாசலில் மூட்டி, பஜ்ருக்கு முன்பே கரண்டிச் சத்தம் எழுப்புகின்றன. வாங்க வருவோரின் இருசக்கர வண்டிகள் அடுத்த வீட்டு வாசலை அடைக்கின்றன. அங்கே நோயாளி இருக்கலாம், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். அவர் முஸ்லிமா இல்லையா என்ற கேள்விக்கு அண்டை வீட்டாரின் ஹக்கில் இடமே இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். மஜல்லாவின் அளவுகோலை நம் பக்கம் இழுத்துக்கொள்ளும்போது அதன் மறுமுனை நம்மையே குத்தும் என்பதையும் ஏற்க வேண்டும். விறகடுப்பில் நூறு பேருக்குச் சமைப்பது வீட்டுத் தொழிலின் எல்லையைக் கடந்துவிட்டது என்பது என் கருத்து. அத்தகையோருக்கு ஜமாஅத் மண்டபத்தின் சமையற்கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தரலாம். பெரும்பாலான நாட்களில் அது பூட்டியே கிடக்கிறது.

தொழில் தொடங்கும் முன் இருபுறத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுவது நல்லது. இயன்றால் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையொப்பமும் பெறலாம். சட்டப்படி அதற்கு எத்தனை வலு என்பது இரண்டாவது. கேட்டு வந்தாள் என்ற நினைவு அவர்களுக்கு இருக்கும். பின்னாளில் குறை இருந்தால் மனு எழுதுவதற்கு முன் வாசலில் வந்து சொல்வார்கள். செய்யும் முதல் மாவில் ஒரு கிண்ணம் அவ்வீடுகளுக்கும் போகட்டும்.

இறுதியாக ஒரு வேலை. பேரூராட்சியில் எந்தெந்தத் தொழில்களுக்கு உரிமம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு, நம் தெரு எந்த நில வகைப்பாட்டில் உள்ளது ஆகிய மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். பேரூராட்சிக்கு வெளியே ஊராட்சிகளில் வசிப்போர் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். மனுவை எழுதத் தயங்கும் சகோதரிகள் மக்தப் முடியும் நேரத்தில் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால், இன்ஷா அல்லாஹ், எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். வரும் விடைகளை நகலெடுத்துப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முத்தவல்லி அவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்.